வெள்ளை விழுந்த கொடிகள்: வீட்டுக்குள் வளர்ப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நர்சரிகளில் ‘வேரிகேட்டட்’ என்று சொல்வார்கள். இலையில் வெள்ளையோ மஞ்சளோ இளஞ்சிவப்போ விழுந்திருக்கும் கொடிகள். சென்னையில் மேற்குப் பார்த்த அடுக்குமாடி வீடு ஒன்றில் பத்து வருடத்துக்கு மேலாக இவற்றை வளர்த்து வருகிறேன். கட்டிங் (நடுவதற்காக வெட்டிய தண்டுத் துண்டு) வாங்கிப்போன சொந்தக்காரர்களும் பக்கத்து வீட்டுக்காரர்களும் அப்புறம் போன் போட்டுக் கேட்ட கேள்விகள்தான் இவை. முதலில் ஒன்றை மட்டும் மனதில் வாங்கிக்கொள்ளுங்கள்: இலையில் பச்சைப் பகுதிதான் சமைக்கிறது, வெள்ளைப் பகுதி உட்கார்ந்து சாப்பிடுகிறது. வெளிச்சம், தண்ணீர், வெட்டும் இடம், விலை எல்லாமே இதிலிருந்துதான் வருகின்றன.

இலையில் வெள்ளை ஏன் விழுகிறது? இது நோயா?

இந்தக் கொடிகளில் நோய் இல்லை. செடி வளரும் நுனியில் ஏதோ ஒரு செல்லில் மரபு மாற்றம் நடந்து, பச்சையம் உண்டாக்கும் திறன் போய்விடுகிறது. அந்தச் செல் பெருகப் பெருக, அதன் வாரிசுகள் எல்லாம் வெள்ளையாகவே பிறக்கின்றன. ஒரே செடிக்குள் இரண்டு விதச் செல்கள் குடித்தனம் நடத்துகின்றன. இதைத் தாவரவியலில் ‘கைமீரா’ என்கிறார்கள்.

வளர்நுனி அடுக்கடுக்காக இருக்கும். ஓர் அடுக்கு முழுவதும் வெள்ளையாக மாறியிருந்தால் இலைக்கு இலை ஒரே மாதிரி ஓரக்கரை வரும். ஹோயா என்ற கொடியில் ‘கிரிம்சன் குயின்’ என்ற வகை அப்படித்தான், வேட்டிக்கரை போட்டதுபோல ஒழுங்காக இருக்கும். நுனியின் ஒரு பக்கம் மட்டும் மாறியிருந்தால் இலை பாதி பச்சை, பாதி வெள்ளை என்று வரும், அடுத்த இலை எப்படி வரும் என்று சொல்ல முடியாது. பெரிய இலைகள் பிளந்து வரும் மான்ஸ்டெரா கொடியில் ‘ஆல்போ’ என்ற வகை இந்த ரகம்.

வெள்ளி நிறம் வேறு கதை. சிண்டாப்சஸ் பிக்டஸ் என்ற தென்கிழக்கு ஆசியக் கொடியில் வெல்வெட் போன்ற இலையின் மேல் வெள்ளிப் புள்ளிகள் இருக்கும். அங்கே பச்சையம் குறையவில்லை. மேல்தோலுக்கும் அதன் கீழுள்ள செல்களுக்கும் நடுவே மெல்லிய காற்று இடைவெளி இருக்கிறது, அதில் வெளிச்சம் பட்டுத் திரும்புவதால் மினுமினுக்கிறது. இலையைத் திருப்பிப் பார்த்தால் அடிப்பக்கம் வெறும் பச்சை. அதனால்தான் இந்தக் கொடி வெளிச்சம் குறைந்த இடத்தையும் பொறுத்துக்கொள்கிறது.

நோயை எப்படிப் பிரித்து அறிவது என்றால், வெண்டைக்காய்ச் செடிக்கு வரும் மஞ்சள் நரம்பு நோயை நினைத்துக்கொள்ளுங்கள். அதில் நிறம் கலங்கித் தெரியும், செடி குன்றிப்போகும். மரபால் வந்த வெள்ளைக்கு விளிம்பு கத்தியால் நறுக்கியதுபோலத் தெளிவாக இருக்கும், தண்டிலிருந்தே கோடாக ஓடி வரும்.

முதன்முதலில் எதை வாங்கலாம்?

மணி பிளான்ட். ‘இதுதானா’ என்று முகம் சுளிக்க வேண்டாம். மஞ்சள் தெளித்த ‘கோல்டன்’ வகையும் வேரிகேட்டட் கொடிதான். அதன் சொந்த ஊர் பசிபிக் கடலில் தாஹிட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் மோரேயா தீவு. அங்கிருந்து உலகம் முழுக்கப் பரவிவிட்டது. ‘மார்பிள் குயின்’ வகையில் வெள்ளை அதிகம். அதிலிருந்து மும்பையில் பிரித்தெடுத்த ‘என்ஜாய்’ வகையில் இலை சின்னது, வெள்ளைத் திட்டுகள் பளிச்சென்று இருக்கும், வளர்ச்சி மெதுவாக இருக்கும். கைபழகியதும் சிண்டாப்சஸ், சிங்கோனியம், ஹோயா என்று போகலாம். மான்ஸ்டெராவைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். பணத்துக்காக மட்டும் சொல்லவில்லை, அதற்கு இடம் நிறைய வேண்டும்.

ஹோயாவைப் பற்றி ஒரு வார்த்தை. இது மற்றவற்றைப்போலச் சேம்புக் குடும்பம் இல்லை, எருக்கின் சொந்தக்காரி. பூவைப் பார்த்தாலே தெரியும், நட்சத்திரத்துக்குள் நட்சத்திரம். பூத்து முடிந்த காம்பை வெட்டிவிடாதீர்கள், அடுத்த முறையும் அதே காம்பில்தான் பூக்கும்.

மணி பிளான்ட் பூக்குமா?

கிட்டத்தட்ட பூக்கவே பூக்காது. தானாகப் பூத்ததாகக் கடைசியாகப் பதிவானது 1964-ல். ஜிப்பரெல்லின் என்ற வளர்ச்சி ஹார்மோனைத் தயாரிக்கும் மரபணு அதில் சரியாக வேலை செய்யவில்லை என்று 2016-ல் ஓர் ஆய்வு வெளிவந்தது. ஹார்மோனை வெளியிலிருந்து தெளித்தபோது பூத்தது. நம் வீடுகளில் இருப்பவை எல்லாம் தண்டிலிருந்து தண்டாக வந்தவை, விதையிலிருந்து வந்தவை இல்லை.

திருடி வைத்தால்தான் மணி பிளான்ட் வளருமாமே?

கேட்டு வாங்கி வைத்தாலும் அதேபோல வளரும். கேட்டால் யாரும் இல்லை என்று சொல்ல மாட்டார்கள்.

வெளிச்சம் எவ்வளவு வேண்டும்?

இந்தக் கேள்வியில்தான் பெரும்பாலான செடிகள் சாகின்றன. இரண்டு பக்கமும் பிழை நடக்கிறது.

இலையில் பாதிதான் சமைக்கிறது என்றால், அந்தப் பாதிக்கு நல்ல வெளிச்சம் கொடுத்தே ஆக வேண்டும். ‘இன்டோர் பிளான்ட்’ என்ற பெயரைக் கேட்டு ஹாலின் மூலையில் டிவிக்குப் பின்னால் வைத்தால் கணுவுக்குக் கணு இடைவெளி நீளும், இலை சிறுத்துக்கொண்டே போகும். மணி பிளான்ட் வகைகளில் மஞ்சளும் வெள்ளையும் மங்கிப் பச்சையேறும். வெளிச்சத்துக்கு மாற்றினால் பழைய இலை மாறாது, புதிதாக வரும் குருத்தில் நிறம் திரும்பும்.

அதற்காக நேர் வெயிலில் வைத்தால் வெள்ளைப் பகுதி முதலில் கருகும். என் வீட்டு மேற்குப் பால்கனியில் ஒரு சித்திரை மாதம் ஆல்போவை இரண்டு மணி நேரம் மறந்து விட்டுவிட்டேன். சாயங்காலம் பார்த்தபோது பச்சைப் பாதிக்கு ஒன்றும் ஆகவில்லை, வெள்ளைப் பாதி மட்டும் இஸ்திரிப் பெட்டி பட்ட துணிபோலப் பழுப்பேறி இருந்தது. கோடு போட்டுப் பிரித்ததுபோல. அன்றிலிருந்து பங்குனி பிறந்தாலே தொட்டிகளை உள்ளே நகர்த்திவிடுகிறேன்.

கிழக்கு ஜன்னல் சிறந்தது, காலை வெயில் ஒன்றிரண்டு மணி நேரம் படலாம். தெற்கு, மேற்கு ஜன்னல் என்றால் மெல்லிய வெள்ளைத் திரையோ பச்சை நிழல்வலையோ போடுங்கள். பகலில் விளக்குப் போடாமல் அந்த இடத்தில் உட்கார்ந்து நாளிதழ் வாசிக்க முடிகிறதா என்று பாருங்கள். கண் சிரமப்பட்டால் செடிக்கும் அந்த இடம் போதாது.

வாங்கும்போது வெள்ளையாக இருந்தது, இப்போது முழுக்கப் பச்சையாகிவிட்டது. என்ன செய்வது?

மனசு உடைந்துபோகும், தெரியும். பச்சைக் கிளைக்குச் சமையல் வேகம் அதிகம் என்பதால் வெள்ளைக் கிளையை முந்திக்கொண்டு ஓடும். அப்படியே விட்டால் செடி முழுவதையும் பிடித்துக்கொள்ளும். வெட்டத்தான் வேண்டும். எங்கே வெட்டுவது என்பதற்கு இலையைப் பார்க்காதீர்கள், தண்டைப் பாருங்கள்.

தண்டை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து மெல்லத் திருப்பிப் பாருங்கள். பச்சைத் தண்டில் வெண்ணெய் தடவியதுபோல ஒரு கோடு கணு வழியாக மேலே ஏறும். ஒவ்வொரு இலைக்காம்பின் அடியிலும் கடுகு அளவுக்கு, இல்லையென்றால் துவரம்பருப்பு அளவுக்கு ஒரு மொட்டு ஒட்டிக்கொண்டிருக்கும். அந்த வெண்கோடு மொட்டின் மேல் ஓடினால், அங்கிருந்து வரும் கிளை வெள்ளையும் பச்சையும் கலந்து வர நல்ல வாய்ப்பு உண்டு. கோடு தண்டின் மறுபக்கத்திலேயே நின்றுவிட்டால், மேலே உள்ள இலை எவ்வளவு அழகாக இருந்தாலும் அந்த மொட்டு பச்சையாகத்தான் வெடிக்கும். மொட்டு முழுவதும் வெள்ளைக்குள் மூழ்கியிருந்தால் முழு வெள்ளைக் கிளை வரும், அதுவும் நல்லதில்லை. கோட்டின் ஓரத்தில், பாதி வெள்ளை பாதி பச்சையில் உட்கார்ந்திருக்கும் மொட்டுக்கு மேலே அரை அங்குலம் விட்டு நறுக்குங்கள். சுத்தமான பிளேடு போதும்.

கோடே தெரியாத தண்டு என்றால் கீழே இறங்கிக்கொண்டே வந்து, கடைசியாக எங்கே கோடு தெரிகிறதோ அங்கே வெட்டுங்கள். உரமோ கூடுதல் வெளிச்சமோ கொடுத்தால் ஆல்போவில் வெள்ளை திரும்பும் என்று சொல்பவர்கள் உண்டு. மொட்டுக்குள் வெள்ளைச் செல் இல்லை என்றால் எதைக் கொடுத்தாலும் வராது.

முழு வெள்ளை இலையாகவே வருகிறதே, அதிர்ஷ்டமா?

இரண்டு மூன்று இலை வரைக்கும் ரசிக்கலாம். அந்தக் கிளை கீழே உள்ள பச்சை இலைகளின் சம்பாத்தியத்தில்தான் உயிரோடு இருக்கிறது. அதைத் தனியாக வெட்டி நட்டால் தண்டில் இருக்கும் சேமிப்புத் தீரும்வரை நிற்கும், பிறகு காய்ந்துவிடும். தொடர்ந்து மூன்று இலை வெள்ளையாக வந்தால் பச்சை கலந்த கணு வரைக்கும் வெட்டி இறக்கிவிடுங்கள்.

பாதி வெள்ளை இலை ஒரு பக்கமாக வளைந்து வருவதைப் பார்த்தும் பயப்பட வேண்டாம். வெள்ளைப் பாதி மெதுவாக வளர்கிறது, பச்சைப் பாதி வேகமாக வளர்கிறது, அதனால் இலை வெள்ளைப் பக்கம் சாய்கிறது. அவ்வளவுதான்.

வெள்ளைப் பகுதியின் ஓரம் மட்டும் பழுப்பாகிறது. ஏன்?

வெயில் படவில்லை என்றால் தண்ணீரைச் சந்தேகப்படுங்கள். போர்வெல் தண்ணீரில் உப்பு அதிகம், ஒவ்வொரு முறை ஊற்றும்போதும் அது தொட்டியில் தங்குகிறது. தொட்டி விளிம்பில் வெள்ளைப் பொருக்கு படிந்திருந்தால் அதுதான் காரணம். ஆர்.ஓ. இயந்திரம் வெளியே தள்ளும் கழிவுத் தண்ணீரை வீணாக்கக் கூடாது என்று இந்தச் செடிகளுக்கு ஊற்றுகிறவர்கள் நிறையப் பேர். அதில் உப்பு இன்னும் செறிவாக இருக்கும், தரை துடைக்க வைத்துக்கொள்ளுங்கள். மழைத் தண்ணீரைப் பிடித்து வைத்தால் அதைவிட நல்லது கிடையாது. அதுவும் இல்லையென்றால் மாதம் ஒருமுறை நல்ல தண்ணீரைத் தொட்டியின் அடி ஓட்டை வழியாகத் தாராளமாக வெளியேறும்வரை ஊற்றிக் கழுவுங்கள். வயதான வெள்ளைப் பகுதி என்ன செய்தாலும் கொஞ்சம் பழுப்பாகும், அதை ஏற்றுக்கொள்ள வேண்டியதுதான்.

எப்போது தண்ணீர் ஊற்றுவது, என்ன மண் வைப்பது?

விரலை இரண்டு அங்குலம் விட்டுப் பாருங்கள். ஈரம் ஒட்டினால் ஊற்றாதீர்கள். வெள்ளை அதிகமான செடி மெதுவாக வளர்வதால் தண்ணீரையும் மெதுவாகத்தான் குடிக்கும். பக்கத்தில் இருக்கும் பச்சைச் செடிக்கு ஊற்றும் கணக்கில் இதற்கும் ஊற்றினால் வேர் அழுகும்.

வெறும் செம்மண் வேண்டாம். இந்தக் கொடிகள் காட்டில் மரப்பட்டையைப் பற்றிக்கொண்டு வளர்பவை, வேருக்குக் காற்று வேண்டும். நான் வைப்பது: தேங்காய் மட்டைத் துண்டு இரண்டு பங்கு, கோகோபீட் (தென்னை நார்த்தூள்) ஒரு பங்கு, மண்புழு உரம் ஒரு பங்கு, பெர்லைட் (எடையில்லாத வெள்ளைக் கல் துகள்) ஒரு பங்கு. கோகோபீட் கட்டியை ஊறவைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டு இரண்டு மூன்று முறை அலசுங்கள். தென்னை நாரில் உப்பு இருக்கும். அரிசி களைவதுபோலத்தான், தண்ணீர் தெளிகிறவரை. உரத்தில் அவசரம் வேண்டாம், பாக்கெட்டில் சொன்னதில் பாதி அளவு போதும்.

குச்சி நட்டு ஏற்றுவது அவசியமா? தொங்கவிட்டால் என்ன?

தொங்கவிடலாம், செடி சாகாது. ஆனால் அதன் உண்மையான முகத்தைப் பார்க்க மாட்டீர்கள். மேலே ஏற ஏறத்தான் இந்தக் கொடிகளுக்கு இலை பெரிதாகும், தொங்கத் தொங்கச் சிறுக்கும். நம் கையகல மணி பிளான்ட் இலை, மரத்தில் இருபது மீட்டர் ஏறிய கொடியில் ஒரு மீட்டர் நீளம் வரை வரும். பார்த்தவர்கள் இரண்டும் ஒரே செடி என்று நம்ப மாட்டார்கள்.

காட்டில் இவை மரத்தைத் தேடும் விதம் அற்புதமானது. விதையிலிருந்து வரும் எந்தச் செடியும் வெளிச்சத்தை நோக்கித்தானே போகும்? மான்ஸ்டெரா இனம் ஒன்றின் கன்றுகள் இருட்டை நோக்கித் தரையில் ஊர்கின்றன என்று கோஸ்டாரிகா காட்டில் செய்த ஆய்வு 1975-ல் வெளியானது. காட்டில் இருட்டாகத் தெரிவது பெரிய மரத்தின் அடிப்பாகம். அதைத் தொட்டதும் குணம் மாறி வெளிச்சம் தேடி மேலே ஏறத் தொடங்குகின்றன.

கடைகளில் ‘மாஸ் ஸ்டிக்’ என்று கேட்டால் நம் ஊரில் பெரும்பாலும் தென்னைநார் சுற்றிய குழாய்தான் தருவார்கள். அது போதும், ஆனால் நார் ஈரமாக இருந்தால்தான் காற்றுவேர் உள்ளே நுழையும். தினம் காலையில் தெளியுங்கள். கட்டும்போது கணுவைக் கயிற்றால் இறுக்காதீர்கள். பழைய பருத்தித் துணியைக் கிழித்துத் தளர்வாகக் கட்டினால் போதும்.

பாட்டில் தண்ணீரிலேயே வளர்க்கலாமா?

மணி பிளான்ட், சிங்கோனியம் தாராளமாக வளரும். ஆனால் கொசுவை மறக்க வேண்டாம். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு வீட்டுக்குள் இருக்கும் தெளிந்த தண்ணீர்தான் பிடிக்கும். முட்டை கொசுவாக ஒரு வாரம் பத்து நாள் போதும். வாரம் ஒருமுறை தண்ணீரை மாற்றுங்கள், மாற்றும்போது பாட்டிலின் உள்சுவரைத் தேய்த்துக் கழுவுங்கள். முட்டை தண்ணீர்க் கோட்டுக்குச் சற்று மேலே ஒட்டியிருக்கும், காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். வாய்ப்பகுதியில் பஞ்சோ துணியோ அடைத்துவிட்டால் இன்னும் பாதுகாப்பு.

கட்டிங் எப்படி எடுப்பது?

கணு இல்லாமல் கட்டிங் இல்லை. காம்போடு ஓர் இலையை மட்டும் வெட்டித் தண்ணீரில் வைத்தால் வாடாமல் நிற்கும், சில நேரம் வேர்கூட விடும். குருத்து மட்டும் எந்தக் காலத்திலும் வராது, ஏனென்றால் மொட்டு தண்டின் கணுவில் இருக்கிறது.

விலை உயர்ந்த செடிக்கு நான் விண்பதியம்தான் போடுவேன். கணுவைச் சுற்றி ஈரமான பாசியையோ நாரையோ வைத்து, பிளாஸ்டிக் தாளால் மூடிக் கட்டிவிட்டால் சில வாரங்களில் வெள்ளை வேர்கள் தாளுக்குள் சுற்றிக்கொண்டு தெரியும். அப்புறம் கீழே வெட்டி நட்டால் செடி வாடுவதே இல்லை.

ஏன் இவ்வளவு விலை? ஆன்லைனில் வாங்கலாமா?

பெருக்குவது கஷ்டம், அதுதான் காரணம். ஆல்போவில் ஒரு கணுவுக்கு ஒரு செடிதான். ஆய்வகத்தில் திசு வளர்ப்பு செய்தால், அதாவது சின்னத் திசுத் துண்டிலிருந்து நிறையச் செடி உண்டாக்கினால், வெள்ளைச் செல்லும் பச்சைச் செல்லும் பிரிந்து தனித்தனிச் செடியாகிவிடக்கூடும். ‘தாய் கான்ஸ்டலேஷன்’ அப்படியல்ல. நட்சத்திரம் இறைத்ததுபோல வெண்ணெய் நிறப் புள்ளிகள் விழும் அந்த மான்ஸ்டெரா திசு வளர்ப்பிலும் நிறம் மாறாமல் வருகிறது. பெரிய அளவில் பெருக்க முடிவதால் விலை நன்றாக இறங்கிவிட்டது.

ஊரடங்குக் காலத்தில் விலை எங்கேயோ போனது. 2021 ஜூனில் நியூசிலாந்து ஏலத் தளம் ஒன்றில் வெள்ளை விழுந்த ரஃபிடோஃபோரா டெட்ராஸ்பெர்மா செடி ஒன்று 27,100 நியூசிலாந்து டாலருக்குப் போனது. மலேசியாவிலும் தெற்குத் தாய்லாந்திலும் இயல்பாக வளரும் கொடி அது.

நானும் ஏமாந்திருக்கிறேன். ஆன்லைனில் ஒருவரிடம் பாதி வெள்ளை இலையோடு ஆல்போ கட்டிங் வாங்கினேன். படத்தில் இலை மட்டும்தான் இருந்தது, தண்டைக் காட்டச் சொல்லத் தோன்றவில்லை. வந்த துண்டில் வெண்கோடு மொட்டுக்கு நேர் எதிர்ப்பக்கம் இருந்தது. ஆறு மாதம் காத்திருந்து, வந்தது முழுப் பச்சை. இப்போதெல்லாம் மொட்டு தெரியும்படி தண்டின் படத்தை அனுப்பச் சொல்லிக் கேட்காமல் காசு அனுப்புவதில்லை. நீங்களும் அப்படியே செய்யுங்கள். வேரிகேட்டட் மான்ஸ்டெரா விதை என்று யாராவது விற்றால் திரும்பிக்கூடப் பார்க்காதீர்கள். ஆல்போ விதையில் வருவதில்லை.

இளஞ்சிவப்பு இலைக் கொடி உண்மையா, சாயமா?

இரண்டும் உண்டு. ஃபிலோடெண்ட்ரான் ‘பிங்க் பிரின்சஸ்’ உண்மையானது. பழைய இலை, புதிய இலை எல்லாவற்றிலும் ஒழுங்கில்லாமல் திட்டுத்திட்டாக நிறம் இருக்கும். ‘பிங்க் காங்கோ’ என்று வரும் செடியில் இலை முழுவதுமே ஒரே இளஞ்சிவப்பு. அது ரசாயனத்தால் தற்காலிகமாக வரவழைத்த நிறம், சில மாதங்களில் பச்சையாகிவிடும். நிறத்துக்காக அதை வாங்காதீர்கள்.

வீட்டுக் காற்றைச் சுத்தம் செய்யுமா?

1989-ல் நாசா செய்த ஆய்வை எல்லோரும் சொல்வார்கள். அது காற்றுப் புகாத சிறிய கூண்டுகளில் நடந்தது. அமெரிக்காவின் டிரெக்சல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இப்படிப்பட்ட ஆய்வுகளையெல்லாம் சேர்த்துக் கணக்குப் போட்டு 2019-ல் வெளியிட்டார்கள். ஜன்னல், கதவு வழியாக வரும் காற்றோட்டம் செய்யும் வேலையைச் செடிகள் செய்ய வேண்டுமானால் ஒரு சதுர மீட்டருக்குப் பத்து முதல் ஆயிரம் செடிகள் வேண்டும் என்று வந்தது. ஜன்னலைத் திறந்து வையுங்கள். செடியை அதன் அழகுக்காக வளருங்கள்.

குழந்தையும் பூனையும் இருக்கும் வீட்டில் வைக்கலாமா?

கைக்கு எட்டாத உயரத்தில் மட்டும். மணி பிளான்ட், மான்ஸ்டெரா, ஃபிலோடெண்ட்ரான், சிங்கோனியம், சிண்டாப்சஸ் எல்லாமே சேம்பு, கருணைக்கிழங்கு, சேனை சேர்ந்த குடும்பம். கருணைக்கிழங்கு சரியாக வேகாவிட்டால் நாக்கு, தொண்டை அரிக்கிறதே, அதே ஊசிப் படிகங்கள்தான் இந்த இலைகளிலும் இருக்கின்றன. கிழங்கை நாம் புளி விட்டு வேகவைக்கிறோம். பூனை பச்சையாக மெல்கிறது. எச்சில் ஒழுகும், வாய் வீங்கும். குழந்தை கடித்துவிட்டால் வாயைக் கழுவி, குளிர்ந்த பால் கொடுத்து, மூச்சுவிடவோ விழுங்கவோ சிரமப்பட்டால் உடனே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். வெட்டும்போது சாறு பட்டால் உங்களுக்கும் கை அரிக்கும், கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

சித்த மருந்துக் கடைகளில் கிடைக்கும் யானைத் திப்பிலி சிண்டாப்சஸ் இனக் கொடி ஒன்றின் காய்தான். அதை வைத்துக்கொண்டு தொட்டியில் இருப்பதையும் மருந்தாக்கிப் பார்க்க வேண்டாம்.

மாவுப்பூச்சி வந்தால்?

இலைக்காம்பு தண்டோடு சேரும் இடுக்கில்தான் பஞ்சுபோல ஒளிந்திருக்கும். காதுகுடையும் பஞ்சுக்குச்சியில் மருந்துக்கடை ஸ்பிரிட் தொட்டு ஒவ்வொன்றாகத் துடையுங்கள். அப்புறம் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், சில சொட்டு சோப்புக் கரைசல் கலந்து சாயங்காலத்தில் தெளியுங்கள், வாரம் ஒருமுறை மூன்று வாரம். வெள்ளைப் பகுதி மென்மையானது என்பதால் முதலில் ஓர் இலையில் தெளித்து இரண்டு நாள் பாருங்கள்.

வெட்டி எடுத்த கொடியை எங்கே போடுவது?

இதை யாரும் கேட்பதில்லை, கேட்க வேண்டும் என்பதால் நானே எழுதுகிறேன். கண்டியில் உடவத்தகல்லே என்ற காப்புக்காடு இருக்கிறது. அங்கே மணி பிளான்ட் பல ஹெக்டேர் பரப்பில் தரையை மூடி, மரங்களின் மேலும் ஏறிக் கிடக்கிறது. அதன் கீழே உள்ளூர்ச் செடிகளின் கன்றுகள் தலைதூக்க முடிவதில்லை. பூவும் விதையும் இல்லாத கொடி இத்தனை தூரம் போனது கணுத்துண்டுகளால் மட்டும்தான்.

கொடைக்கானல், ஏற்காடு, நீலகிரி பக்கம் வீடோ விடுதியோ வைத்திருப்பவர்கள் தயவுசெய்து கழித்த கொடியை வேலிக்கு அந்தப் பக்கம் வீசாதீர்கள். ஓடையிலும் போடாதீர்கள். ஒரு கணு ஈரத்தில் விழுந்தால் போதும். மொட்டைமாடியில் தகரத்தின் மேல் பரப்பி, கையில் எடுத்தால் சுள்ளிபோல ஒடிகிறவரை வெயிலில் காயவையுங்கள். அதற்கப்புறம் மக்கு உரக்குழியில் போடலாம்.